வாடிய செடிக்கெல்லாம் தாகம் இல்லை

கத்திரி வெயில் தொடங்கினால் மாடித்தோட்டம் போட்டவர்கள் எல்லோருக்கும் இதே கவலைதான்: "காலையில்தான் தண்ணீர் விட்டேன், மதியமே செடி தொங்கிவிட்டதே!" தொங்கட்டும். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை நீரை இழக்கும் வேகம் கூடும்போது கத்தரியும் பூசணியும் அப்படித்தான் தளரும். வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிடும். மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டே ஊற்றுங்கள்.

சென்னை மொட்டைமாடியில் வெயிலைவிடத் தளத்தின் சூடு கொடியது. செடிப் பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, மண்ணின் மேல் காய்ந்த சருகைப் பரப்பினாலே வேர் பிழைத்துக்கொள்ளும். 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டலாம். வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் தக்காளிப் பூ உதிரும். உரம் போட்டு அதைத் தடுக்க முடியாது. அந்த இடத்தில் கொத்தவரையும் கீரையும் போடுங்கள்.

என்னைக் கேட்டால், மாடிச் செடிக்கு வெயிலைவிட ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் பெரிய ஆபத்து. வேருக்குக் காற்று வேண்டும். பையின் அடித்துளை அடைத்து மண் சொதசொதவென்று ஆனால், வேர் மூச்சுத் திணறி நீரை இழுக்க முடியாமல் போகிறது. நீருக்குள் நின்றுகொண்டே செடி வாடும். பார்க்க வெயில் வாட்டம் போலவே இருக்கும். அதைப் பார்த்துப் பதறி இன்னும் ஒரு வாளி ஊற்றினால் கதை முடிந்தது. மழைக்கு முன்பே துளைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள். மண்ணில் தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்திருந்தால் கொஞ்சம் மணலும் சேர்த்துவிடுங்கள். நார்க்கழிவு தண்ணீரை விடாது பிடித்து வைக்கும்.

புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் அவிழ்க்க வேண்டியது நிழல்வலை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பெரிய மரங்களே சாய்ந்தன. வலை அந்தக் காற்றில் பாய்மரம் மாதிரி விரிந்து பந்தலையும் சேர்த்து இழுத்துப் போகும். தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரோரம் நெருக்கி வையுங்கள். உயரமான செடிகளைத் தொட்டியோடு படுக்க வைத்துவிடலாம். கைப்பிடிச் சுவர் மேல் ஒரு சின்னத் தொட்டிகூட இருக்கக்கூடாது. கீழே ஆள் நடமாட்டம் உண்டு.

காற்று ஓய்ந்ததும் ஒடிந்த கிளைகளை வெட்டுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் உப்புப் படிந்த இலைகளை நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். உரத்துக்கு அவசரம் வேண்டாம். புதுத் துளிர் எட்டிப் பார்த்த பிறகு, லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளித்தால் போதும்.