மாட்டுப் பொங்கல் அன்று பால் கறப்பது யார்?

பண்டிகை வந்துவிட்டால் பண்ணை ஆட்கள் எல்லோரும் ஒரே நாளில் ஊருக்குக் கிளம்ப நினைப்பது இயல்பு. ஆனால் மாட்டின் மடிக்கு விடுமுறை கிடையாது. களையெடுப்பை இரண்டு நாள் தள்ளிப் போடலாம். கறவையைத் தள்ளிப் போட முடியாது. கறவை தவறினால் மடியில் பால் தேங்கும், காம்பில் ஒழுகும், மடிவீக்க நோய் வரும் வாய்ப்பும் கூடும். எனவே பால் பண்ணை வைத்திருப்போர் தீவனத்துக்குத் திட்டமிடுவது போல விடுமுறைக்கும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

குறைந்தபட்ச ஆள் கணக்கு

முதலில், எத்தனை பேர் இருந்தால் பண்ணை ஓடும் என்று கணக்கிடுங்கள். உதாரணமாக, 20 கறவை மாடுகளைக் கையால் கறக்க, மடி கழுவுவது உட்பட மாட்டுக்கு 10 நிமிடம் என்று வைத்தால், 200 நிமிடம் ஆகும். இருவர் கறந்தால் 1 மணி 40 நிமிடம். ஒருவரே கறந்தால் 3 மணி 20 நிமிடம். அதற்குள் சங்கத்தில் பால் எடுக்கும் நேரம் முடிந்துவிடும். ஆகவே, மூன்று ஆட்கள் உள்ள இந்தப் பண்ணையில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் விடுமுறை தர முடியும். இந்தக் கணக்கை ஆட்களிடமும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் மறுப்பை மனக்கசப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரே காலண்டர்

தொழுவத்தில் ஒரு காலண்டரை மாட்டி, பண்டிகைகள், ஆட்களின் ஊர்த் திருவிழா, வீட்டு விசேஷம் அனைத்தையும் குறியுங்கள். மாடுகள் கன்று ஈனும் நாளையும் அதிலேயே எழுதுங்கள். சினைக்காலம் சுமார் 280 நாட்கள். ஏப்ரல் 10 அன்று சினை ஊசி போட்ட மாடு ஜனவரி 15-ஐ ஒட்டிக் கன்று ஈனும். அதாவது பொங்கல் சமயத்தில். அந்த வாரம் அனுபவமுள்ள ஆள் ஒருவர் கட்டாயம் பண்ணையில் இருக்க வேண்டும்.

வடமாநில ஆட்கள் இருந்தால், ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு தொடங்குகிறது என்பதை நினைவில் வையுங்கள். அதற்கு முன்பே யார், எப்போது போவது என்று முடிவு செய்தால் அவர்களுக்கும் டிக்கெட் கிடைக்கும். திரும்பும் தேதியும் உறுதியாகும்.

சுழற்சி முறை

சென்ற பொங்கலுக்குப் பண்ணையில் இருந்தவருக்கு இந்தப் பொங்கலில் முதல் உரிமை கொடுங்கள். தங்கி வேலை செய்பவருக்குக் கூடுதல் கூலியோ மாற்று விடுப்போ தருவதை முன்பே பேசி முடித்துவிடுங்கள். பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கட்டும். முதலாளியும் ஒரு பண்டிகைக் காலையில் தொழுவத்தில் நின்றால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

மாற்று ஆள்

பழக்கமில்லாத கை பட்டால் மாடு மிரண்டு, பாலை அடக்கிக்கொள்ளும். எனவே மாற்று ஆளை ஒரு வாரம் முன்பே வரவழைத்து, பழைய ஆளுடன் சேர்ந்து கறக்கச் செய்யுங்கள். கறவை வரிசை, தீவன அளவு, மருத்துவர் எண் ஆகியவற்றைச் சுவரில் எழுதி வையுங்கள். ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் காலில் சிவப்புத் துணி கட்டுங்கள். அதன் பால் மருத்துவர் சொன்ன நாள் வரை கேனில் சேரக் கூடாது.

திடீர் விடுப்பு

துக்கம், மருத்துவமனை போன்றவற்றுக்குக் கேள்வி கேட்காமல் அனுப்புங்கள். விடுப்பு கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த ஆள் கேட்கவே மாட்டார், சொல்லாமல் போய்விடுவார். காலை 5 மணிக்கு ஆள் வராதது தெரிவதைவிட, ஒரு மாதம் முன்பே தெரிவது எவ்வளவோ மேல்.

பொங்கலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே ஆட்களை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசுங்கள். நல்ல ஆளும் நிலைப்பார், பாலும் குறையாது.