குளிராத குளிர்பதனம்

கத்திரி வெயில் காய்ந்த நாளொன்றில், நெஞ்சு நோயுற்ற முதியவர் ஒருவரை ஏற்றிக்கொண்டு கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டுக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் மகிழுந்தின் குளிர்பதனம் நின்றுபோயிற்று. கண்ணாடியை இறக்கினால் அனற்காற்று, ஏற்றினால் புழுக்கம். முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் மருத்துவரின் வாயிலை அடையும்வரை அவருக்கு மூச்சு வாங்கியதை நாம் இன்னும் மறக்கவில்லை. மறுநாள் ஒரு பணிமனையில் 'கேஸ் இறங்கிவிட்டது' என்று கூறி நிரப்பி அனுப்பினர். மூன்று வாரம் குளிர்ந்தது. மீண்டும் அதே நோய், அதே மருந்து, அதே செலவு. அம்மருந்து ஏன் நிலைக்கவில்லை என்று அறிய முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை. தமிழ்த்துறை மலரில் இயந்திரத்துக்கு என்ன வேலை என்று சான்றோர் சிலர் வினவக்கூடும். நோயின் முதற்காரணத்தை அறிந்த பின்னரே மருந்து தேடுமாறு பணித்த வள்ளுவப் பெருந்தகைக்கு இங்கும் இடமுண்டு என்பதே நம் விடை.

குளிர்பதனம் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவே. ஸ்பிரிட்டைக் கையில் தடவினால் அது ஆவியாகும்போது தோல் குளிர்வதை அறிவோம். 'ஆர் 134ஏ' என்னும் பொருள் சாதாரணக் காற்றழுத்தத்தில் சுழியத்துக்குக் கீழே 26 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பயணிகளுக்கு முன்னே பலகைக்குள் மறைந்திருக்கும் எவாப்பரேட்டரில் அது ஆவியாகி, உள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை இழுத்து அழுத்துகிறது. அழுத்தத்தால் சூடேறிய ஆவி, வண்டியின் முகப்பிலுள்ள கண்டென்சரில் வெளிக்காற்று பட்டு மீண்டும் திரவமாகிறது. கல்பாக்கத்து அணுமின் நிலையத்தில் சுழலியை இயக்கிய நீராவியைக் கடல்நீர் குளிர்வித்து நீராக்குகிறதே, அவ்வுறுப்பின் பெயரும் கண்டென்சர்தான். அங்கே கடல்நீர் செய்யும் பணியை இங்கே காற்று செய்கிறது.

இச்சுற்று மூடிய சுற்று. பெட்ரோல்போல் எரிந்து தீர்வதன்று கேஸ். ஆண்டுக்கணக்கில் ரப்பர்க் குழாய்களின் வழியே சிறிது கசியலாம். மூன்று வாரத்தில் தீர்ந்ததென்றால் எங்கோ ஓட்டையுண்டு என்பதே பொருள். இதை அறிந்திருந்தால் இரண்டாம் முறை நாம் பணம் கொடுத்திருக்கமாட்டோம்.

'ஏ.சி. வேலை செய்யவில்லை' என்பது நோயின் பெயரன்று. காற்றே வரவில்லையா, காற்று வந்தும் குளிரவில்லையா? இதுவே முதல் வினா. காற்றே இல்லையெனில் ஊதுவிசிறியும் அதன் ஃபியூசும் ரிலேயும், தூசடைந்த வடிகட்டியும் முதற்கண் பார்க்கத்தக்கன. நெடுநேரம் ஓடியபின் காற்று குறைந்து, சற்று நிறுத்தி வைத்தால் மீள்கிறதென்றால், எவாப்பரேட்டரில் பனிக்கட்டி உறைகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரையும்போது நன்கு குளிர்ந்து, செங்கற்பட்டு நெரிசலில் நிற்கும்போது சூடாகிறதா? கண்டென்சர் விசிறியின் மீது ஐயம் கொள்க. ஓட்டத்தில் எதிர்க்காற்று செய்யும் வேலையை நிற்கும்போது அவ்விசிறியே செய்ய வேண்டும். இஞ்சின் அறையில் எவாப்பரேட்டரிலிருந்து திரும்பும் பருத்த குழாய் சில்லென்றிருக்க, உள்ளே மட்டும் வெப்பக்காற்று வருமாயின், குற்றம் கேஸில் இல்லை; வெப்பக்காற்றையும் குளிர்காற்றையும் கலக்கும் கதவில் இருக்கிறது.

இனி, கம்ப்ரசர் ஓடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். கிளட்ச் உள்ள வண்டிகளில் பொத்தானை அழுத்தியதும் 'டக்' என்ற ஒலி கேட்கும். அது கேட்கவில்லையெனில் காரணம் இரண்டு வகைப்படலாம். மின்னோட்டம் தடைப்பட்டிருக்கலாம், அல்லது கேஸ் குறைந்ததைக் கண்டு அழுத்த விசையே காவலாக நின்று கம்ப்ரசரைத் தடுத்திருக்கலாம். கி.பி. 925 அளவில் மறைந்த மருத்துவப் பேரறிஞர் அர்-ராஸீ, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறு பிரித்தறியத் தனி நூலே எழுதினார். புறத்தோற்றம் ஒன்றாக இருப்பினும் நோய் இரண்டு என்று கண்டது அவர் பெருமை. நம் பணிமனைகளில் சிலர் இந்த வேறுபாட்டைப் பாராமல், காவல் விசையைத் தாண்டி நேராகக் கம்பி கொடுத்துக் கம்ப்ரசரை ஓடவிடுகின்றனர். கம்ப்ரசருக்கு உயிரான எண்ணெய் கேஸுடன் சேர்ந்தே சுற்றுவது. கேஸ் இல்லாமல் ஓட்டினால் அது தேய்ந்து இறுகிவிடும். சில நூறு ரூபாயில் தீரவேண்டிய பழுது பல ஆயிரங்களில் முடியும்.

இரண்டு கேஜ்களைப் பொருத்திப் பார்ப்பது நாடி பிடிப்பது போன்றது. வண்டி ஓடாமல் ஆறியிருக்கையில், 30 பாகை வெப்பத்தில் ஆர் 134ஏ சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 95 பவுண்டு காட்டும். மிகக் குறைவாகக் காட்டினால் கேஸ் போய்விட்டது என்று துணியலாம். ஆனால் 95 காட்டுவதனாலேயே நிறைவாக இருக்கிறது என்று துணிய முடியாது! ஒரு கரண்டித் திரவம் மிஞ்சியிருந்தாலும் அழுத்தம் அதுவே. ஓடும்போது இரு பக்கமும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் மிக உயர்ந்திருந்தால் கண்டென்சர் அடைப்பு, விசிறிப் பழுது அல்லது அளவுக்கு மீறிய கேஸ். தாழ்பக்கம் உயர்ந்து உயர்பக்கம் தாழ்ந்தால் பெரும்பாலும் கம்ப்ரசர் தளர்ந்துவிட்டது. எவ்வளவு கேஸ் வேண்டும் என்பது பெரும்பாலான வண்டிகளில் முகப்பு மூடியின் கீழ் ஒட்டியுள்ள சீட்டில் கிராம் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். எடைபோட்டு ஏற்றுவதே முறை. கையால் குழாயைத் தொட்டுப் பார்த்து நிறுத்துவது முறையன்று.

நம் வண்டிக்கு வருவோம். வேறொரு கைவினைஞர் கேஜை எடுக்கும் முன்னரே முகப்பின் அடியில் விளக்கடித்துப் பார்த்தார். கண்டென்சரின் கீழ்மூலையில் எண்ணெயும் புழுதியும் கலந்த கறை தெரிந்தது. நைட்ரஜனை நிரப்பிச் சோப்பு நீரைத் தடவியதும் அங்கே குமிழி கிளம்பிற்று. சதுரங்கப்பட்டினம் முதல் மாமல்லபுரம் வரை வாழ்வோர்க்கு இது புதிதன்று. சன்னல் கம்பியைத் தின்னும் உப்புக்காற்றே இதையும் தின்றது. அலுமினியத்தின் மேல் இயல்பாக ஒரு காப்புப் படலம் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். வெளியே ஊசிமுனையளவு, உள்ளே குழி. கண்டென்சரையும், ஈரம் உறிஞ்சும் டிரையரையும் மாற்றினார். வெற்றிடப் பம்பை அரைமணிக்கு மேல் ஓட்டி, உள்ளிருந்த ஈரத்தை ஆவியாக்கி வெளியேற்றினார். ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து வழியை அடைக்கும். பம்பை நிறுத்தியபின் வெற்றிடம் குறையாமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்த்தார். அதன் பின்னரே கேஸ். அந்தக் காத்திருப்பைத்தான் முதற்பணிமனை செய்யவில்லை.

கசிவை மூடாமல் கேஸ் ஊற்றுவதில் நம் பணப்பை மட்டும் காலியாவதன்று. முற்காலத்து 'ஆர் 12' ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்பதால் 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை எழுந்தது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. பின்வந்த ஆர் 134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. எனினும் நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 1300 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்க வல்லது. ஆகவே அதையும் குறைக்க 2016இல் கிகாலித் திருத்தம் வந்தது. இந்தியா 2021இல் ஏற்றது. மலிவென்று எண்ணிச் சமையல் எரிவாயுவை ஏற்றுவோரும் உளர். எவாப்பரேட்டர் கசிந்தால் அது நாம் அமர்ந்திருக்கும் அறைக்குள்ளேயே வரும். ஒரு தீப்பொறி போதும். குளிர்பதனத்தை ஓடவிட்டு, மூடிய வண்டிக்குள் உறங்குவதும் ஆகாது. புகைக்குழாயில் ஓட்டையிருந்தால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைக் கொள்ளும்.

கடற்கரையில் வண்டி வைத்திருப்போர் வாரம் ஒருமுறை, இஞ்சின் ஆறியிருக்கையில், முகப்பு வழியே நன்னீரை மெல்லப் பாய்ச்சிக் கண்டென்சரைக் கழுவுவது நன்று. வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய இதழ்கள் மடிந்துவிடும். குழாய் மூட்டுகளைத் தாமே கழற்றவும் வேண்டா. பீறிடும் திரவம் கண்ணில் பட்டால் பார்வை போகும். பணிமனைக்குச் சென்றால், கசிவு எங்கே கண்டீர் என்று முதலில் கேளுங்கள். எத்தனை கிராம் எடுத்தார்கள், எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.