கவாஜாவும் தெரிவாளர்களும்: ஒரு வீரரின் திறமையை எதை வைத்து அளப்பது?

2025 ஜனவரி மாத இறுதியில் காலி மைதானத்தில் உஸ்மான் கவாஜா 232 ஓட்டங்களைக் குவித்தார். அப்போது அவருக்கு வயது 38. டெஸ்ட் போட்டிகளில் அவர் பெற்ற முதலாவது இரட்டைச் சதம் அது. இலங்கை மண்ணில் அவுஸ்திரேலிய வீரர் ஒருவர் பெற்ற முதலாவது இரட்டைச் சதமும் அதுதான். 6 விக்கெட்டுகளை இழந்து 654 ஓட்டங்களைப் பெற்று துடுப்பாட்டத்தை நிறுத்திக்கொண்ட அவுஸ்திரேலியா, இன்னிங்ஸ் மற்றும் 242 ஓட்டங்களால் வெற்றி பெற்றது.

ஆனால் இதே காலியில் 2016 ஒகஸ்டில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருப்போம். ரங்கன ஹேரத்தும் டில்ருவன் பெரேராவும் சுழற்றிய சுழலில் அவுஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 106 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அந்தத் தோல்வியோடு தொடர் கைநழுவிப் போனது. கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் நடந்த மூன்றாவது டெஸ்டில் இரண்டு துடுப்பாட்ட வீரர்கள் நீக்கப்பட்டார்கள். ஒருவர் ஜோ பேர்ன்ஸ். மற்றவர் கவாஜா.

நீக்கப்படுவதற்கு முன்னைய மாதங்களை எண்ணிப் பாருங்கள். 2015 நவம்பர் முதல் 2016 பெப்ரவரி வரை கவாஜா நான்கு டெஸ்ட் சதங்களை அடித்திருந்தார். பிரிஸ்பேனில் 174, பேர்த்தில் 121, மெல்பேர்னில் 144, வெலிங்டனில் 140. அதன் பின்னர் பல்லேகலவிலும் காலியிலும் இரண்டே போட்டிகள். நான்கு சதங்களை இரண்டு தோல்விகள் அழித்துவிட்டன.

இது சரியான முடிவா, பிழையான முடிவா? அவுஸ்திரேலிய கிரிக்கெட்டில் நூறு வருடங்களாக ஓயாத விவாதம் இது. ஒரு வீரரின் தற்போதைய ஆட்டநிலையை, அதாவது ஃபோர்மைப் பார்ப்பதா, நீண்டகாலத் திறமையைப் பார்ப்பதா?

தெரிவு எப்படி நடக்கிறது?

அவுஸ்திரேலியாவில் அணியைத் தெரிவு செய்வது தேசியத் தெரிவுக்குழு. 2021 முதல் அதன் தலைவராக முன்னாள் வீரர் ஜோர்ஜ் பெய்லி இருந்து வருகிறார். டொனி டொடமெய்டும் பயிற்றுவிப்பாளர் அன்ட்ரூ மெக்டொனால்டும் அவரோடு அமர்கிறார்கள். அணித்தலைவரிடம் கருத்துக் கேட்பார்கள், ஆனால் அவருக்கு வாக்கு இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 2010-11 ஆஷஸ் தொடரைச் சொந்த மண்ணில் 3-1 எனத் தோற்ற பின்னர், டொன் ஆர்கஸ் தலைமையில் ஒரு மீளாய்வு நடந்தது. அணித்தலைவரும் பயிற்றுவிப்பாளரும் தெரிவாளர்களாக இருக்க வேண்டும் என அது பரிந்துரைத்தது. தலைவரான மைக்கல் கிளார்க் 2013இல் அந்தப் பொறுப்பிலிருந்து தாமாகவே விலகினார். தன்னோடு ஓய்வறையில் அமரும் ஒருவனை நீக்குவதற்குக் கையுயர்த்துவது இலகுவான காரியமல்ல.

தெரிவாளர்களின் கையிலிருக்கும் முக்கிய அளவுகோல் ஷெஃபீல்ட் ஷீல்ட். 1892-93 பருவத்தில் ஆரம்பித்த இந்த முதல்தரத் தொடரில் ஆறு மாநிலங்கள் மோதுகின்றன. ஒரு பருவத்தில் ஒவ்வொரு அணிக்கும் இறுதிப் போட்டி தவிர்ந்த பத்துப் போட்டிகள்தான். ஆறு அணிகளுக்கு அறுபத்தாறு இடங்கள், தேசிய அணியில் பதினொரு இடங்கள். எனவே ஒருவர் தடுமாறும்போது அவருடைய இடத்துக்கு வெளியே வரிசை நிற்கிறது.

நல்ல உதாரணம் மார்னஸ் லபுஷேன். 2025 ஜூனில் லோர்ட்ஸில் நடந்த உலக டெஸ்ட் சம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் அவரை ஆரம்பத் துடுப்பாட்ட வீரராக இறக்கினார்கள். அவுஸ்திரேலியா தென்னாபிரிக்காவிடம் தோற்றது. அடுத்து வந்த மேற்கிந்தியத் தீவுகள் தொடரில் லபுஷேன் இல்லை. அவர் குயின்ஸ்லாந்துக்குத் திரும்பிப் போய் உள்ளூர்ப் போட்டிகளில் சதத்துக்கு மேல் சதம் அடித்தார். 2025-26 ஆஷஸ் தொடருக்கு மீண்டும் அழைத்தார்கள். கதவு மூடினால் ஓட்டங்களால் தட்டு என்பதுதான் அங்குள்ள நடைமுறை.

ஃபோர்ம் என்பது என்ன?

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். டெஸ்டில் சராசரி 45 என்றால் அவர் சிறந்த துடுப்பாட்ட வீரர். ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் 45 அடிப்பதில்லை. 5, 12, 0, 150, 20, 83 என்று ஏறி இறங்கித்தான் அந்தச் சராசரி வருகிறது. அப்படிப்பட்டவரும் பத்து இன்னிங்ஸ்களில் மூன்று நான்கு முறை 20 ஓட்டங்களைத் தாண்டுவதில்லை. எனவே தொடர்ச்சியாக மூன்று, நான்கு தோல்விகள் வருவது பல நேரங்களில் தற்செயல் மட்டுமே. ஆட்டம் கெட்டுவிட்டது என்பதற்கு அது ஆதாரமாகாது.

சரித்திரமும் இதையே சொல்கிறது. 1928 நவம்பரில் பிரிஸ்பேனில் அறிமுகமான இருபது வயது இளைஞர் 18, 1 என ஆட்டமிழந்தார். அடுத்த டெஸ்டில் அவரைப் பதினொருவரில் சேர்க்கவில்லை. மூன்றாவது டெஸ்டில் திரும்பி வந்து 79, 112 என அடித்தார். அவர் பெயர் டொன் பிரட்மன். அவரையே ஒரு போட்டியோடு நிறுத்தியவர்கள் அவுஸ்திரேலியத் தெரிவாளர்கள்!

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1997இல் அணித்தலைவர் மார்க் டெய்லர் 21 டெஸ்ட் இன்னிங்ஸ்களில் ஓர் அரைச்சதமும் இல்லாமல் தவித்தார். நீக்குங்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அவரை வைத்திருந்தார்கள். எட்ஜ்பெஸ்டனில் அவர் 129 ஓட்டங்களைப் பெற்றார். அடுத்த வருடம் பெஷாவரில் ஆட்டமிழக்காமல் 334.

பிரட்மனுக்கு இரண்டு இன்னிங்ஸ். டெய்லருக்கு இருபத்தொன்று. ஒருவருக்கு எவ்வளவு கயிறு விடுவது என்பதை ஓட்டங்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. தலைமைத்துவம், அனுபவம், மாற்றுக்கு யார் இருக்கிறார், தெரிவாளர் அவர் மீது வைத்திருக்கும் நம்பிக்கை எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அந்த நம்பிக்கையை எதை வைத்து அளப்பது? பிரச்சினை ஆரம்பிக்கும் இடம் அதுதான்.

ஒட்டப்பட்ட முத்திரை

இஸ்லாமாபாத்தில் பிறந்து, சிறுவயதில் பெற்றோரோடு சிட்னிக்குக் குடிபெயர்ந்தவர் கவாஜா. 2011 ஜனவரியில் காயமடைந்த ரிக்கி பொண்டிங்கின் இடத்தில் சிட்னியில் அறிமுகமானபோது, அவுஸ்திரேலியாவுக்காக டெஸ்ட் விளையாடிய முதல் முஸ்லிம் என்ற பெயரைப் பெற்றார். அதன் பின்னர் அவர் அணிக்குள் வந்ததும் போனதும் எத்தனையோ முறை. 2017இல் இந்தியாவில் நான்கு டெஸ்டுகளிலும் வெளியே அமர்ந்திருந்தார். அதே வருடம் பங்களாதேஷில் ஒரு போட்டியோடு நீக்கப்பட்டார். காரணம் ஒன்றுதான்: கவாஜாவுக்குச் சுழற்பந்து ஆடத் தெரியாது.

ஆரம்பத்தில் அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் முத்திரை ஒட்டப்பட்ட பின்னர் அவர் ஆசியாவில் விளையாட வாய்ப்பே குறைந்தது. விளையாடாத ஒருவர் எப்படிக் கற்றுக்கொள்வது, எப்படி நிரூபிப்பது? 2018 ஒக்டோபரில் துபாயில் பாகிஸ்தானுக்கு எதிராக வாய்ப்புக் கிடைத்தது. இரண்டாவது இன்னிங்ஸில் யாசிர் ஷாவின் சுழலை எதிர்த்து 302 பந்துகளுக்கு நின்று 141 ஓட்டங்களைப் பெற்றார். தோற்க வேண்டிய போட்டி சமநிலையில் முடிந்தது. ரிவர்ஸ் ஸ்வீப் அடியைப் பழகி அதையே தன் ஆயுதமாக்கிக்கொண்டிருந்தார்.

2019 ஆஷஸ் தொடரில் மீண்டும் நீக்கம். இம்முறை தெரிவாளர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் சொல்வேன். ஆறு இன்னிங்ஸ்களில் ஓர் அரைச்சதமும் இல்லை. காயத்திலிருந்து ஸ்டீவ் ஸ்மித் திரும்பினார். அவருக்குப் பதிலாக வந்த லபுஷேன் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். யாராவது ஒருவர் போகத்தான் வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு மேல் வெளியே இருந்தவருக்கு 2022 ஜனவரியில் டிரவிஸ் ஹெட்டின் கொவிட் தொற்று கதவைத் திறந்தது. சிட்னியில் 137, ஆட்டமிழக்காமல் 101. மார்ச் மாதம் தான் பிறந்த நாட்டில் 97, 160, 91, ஆட்டமிழக்காமல் 104 என விளாசி, 496 ஓட்டங்களோடு தொடரின் நாயகனானார். 2023ஆம் ஆண்டின் சிறந்த டெஸ்ட் வீரராக ஐ.சி.சி. அவரைத் தெரிவு செய்தது. அவருடைய 16 டெஸ்ட் சதங்களில் எட்டு, 35 வயதுக்குப் பின்னர் வந்தவை. முடிந்துபோனவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவரிடம் பாதிச் சதங்கள் மீதமிருந்தன.

வயதும் நேர்மையான மறுபக்கமும்

2024-25 இந்தியத் தொடரில் ஜஸ்பிரித் பும்ரா அவரைத் திரும்பத் திரும்ப வீழ்த்தினார். ஐந்து டெஸ்டுகளில் 184 ஓட்டங்கள். வயதாகிவிட்டது என்றார்கள். அதற்கு அடுத்த டெஸ்ட்தான் காலி, 232. ஆனால் கதையை அங்கே நிறுத்துவது நேர்மையாகாது. அதன் பின்னர் அவர் இன்னொரு சதம் அடிக்கவில்லை. ஒரு பெரிய இன்னிங்ஸும் சில நேரம் உண்மையை மறைக்கும். தெரிவாளர்களின் சங்கடம் உண்மையானது.

அதே காலத்தில் மறுமுனையில் ஆரம்பத் துடுப்பாட்ட வீரரைத் தேடி அவர்கள் பட்ட பாட்டையும் பாருங்கள். டேவிட் வோர்னர் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்ற பின்னர் ஸ்மித், நாதன் மெக்ஸ்வீனி, 19 வயது சாம் கொன்ஸ்டாஸ், ஹெட், லபுஷேன், மீண்டும் கொன்ஸ்டாஸ், பின்னர் ஜேக் வெதரால்ட் என இரண்டு வருடங்களுக்குள் ஆறு பேர் மாறினார்கள். பும்ராவை எதிர்கொண்ட மெக்ஸ்வீனிக்கு மூன்றே டெஸ்டுகள். 72 ஓட்டங்களோடு அனுப்பிவிட்டார்கள். எனவே அவசர நீக்கம் கவாஜாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இதை நமது வாசகர்கள் மனதில் வைத்திருப்பது நல்லது. ஒவ்வொரு நீக்கத்துக்கும் மதமே காரணம் என்று சமூக ஊடகங்களில் எழுதுவது இலகு. அது கவாஜாவின் வாதத்தையே பலவீனப்படுத்திவிடும்.

அவருடைய வாதம் வேறு. 2025 நவம்பரில் பேர்த் டெஸ்டின்போது முதுகுப் பிடிப்பால் அவரால் இன்னிங்ஸை ஆரம்பிக்க முடியவில்லை. போட்டிக்கு முன் அவர் கோல்ஃப் விளையாடியதைச் சுட்டிக்காட்டி விமர்சனங்கள் குவிந்தன. அடிலெய்ட் டெஸ்டில் முதலில் இடமில்லை. காலையில் ஸ்மித் சுகவீனமுற்றதால் உள்ளே வந்து 82 ஓட்டங்களைப் பெற்றார். 2026 ஜனவரியில் சிட்னியில், தன் 88ஆவதும் கடைசியுமான டெஸ்டுக்கு முன்னர், ஓய்வை அறிவித்தபோது மனந்திறந்து பேசினார். ஓட்டம் வரவில்லை என்ற விமர்சனத்தை அவர் எதிர்க்கவில்லை. சோம்பேறி, அர்ப்பணிப்பு இல்லாதவர், தன்னலக்காரர் என்று தன் குணத்தை எடைபோட்ட விதத்தில் இனரீதியான பழைய பார்வை இருக்கிறது என்றார். மற்றவர்கள் கோல்ஃப் விளையாடிக் காயப்பட்டால் அனுதாபம், தனக்கு மட்டும் குற்றச்சாட்டா என்று கேட்டார்.

இந்த வேறுபாடுதான் முக்கியம். இந்தத் தொடரில் ஓட்டங்கள் போதாது என்பது மதிப்பீடு. அதைத் திருத்த வழியுண்டு. அவன் அப்படிப்பட்டவன் என்பது முத்திரை. அதைத் திருத்த வழியில்லை.

நமது வகுப்பறைகளில்

ஆசிரியனாக இதை எழுதும்போது எனக்கே உறுத்துகிறது. பல வருடங்களுக்கு முன்னர் ஒரு மாணவனின் தவணை அறிக்கையில் ‘கவனமற்றவர், சோம்பல் உடையவர்’ என்று எழுதினேன். இரண்டு தவணைப் பரீட்சைகளின் புள்ளிகள்தான் என் ஆதாரம். சுபஹோடு எழும்பி வாப்பாவுடன் மீன் ஏற்றி இறக்கிவிட்டுத்தான் அவன் பாடசாலைக்கு வருகிறான் என்பது பின்னர்தான் தெரிந்தது. நான் எழுதியதை அடுத்த வகுப்பாசிரியரும் வாசித்திருப்பார், அவரும் அதே கண்ணால் அவனைப் பார்த்திருப்பார். புள்ளி குறைவு என்று மட்டும் எழுதியிருக்கலாம். அது உண்மையாக இருந்திருக்கும்.

தெரிவு செய்வது ஓர் அமானிதம். கிரிக்கெட் அணிக்கானாலும் சரி, மாணவர் தலைவருக்கானாலும் சரி, பள்ளிவாசல் நிர்வாகத்துக்கானாலும் சரி. ஒருவரை நீக்க வேண்டி வரலாம். அப்போது மூன்று கேள்விகளையாவது கேட்டுக்கொள்வோம். போதிய அளவு பார்த்துவிட்டா முடிவெடுக்கிறோம்? அதே நிலையில் இன்னொருவர் இருந்தால் இதே அளவுகோலைத்தான் பயன்படுத்துவோமா? திரும்பி வர அவருக்கு ஒரு வழி வைத்திருக்கிறோமா?

2016இல் கவாஜாவை வெளியே அனுப்பியவர்கள் மூன்றாவதை முற்றாக மூடவில்லை. அதனால்தான் காலி ரசிகர்கள் அந்த 232ஐப் பார்த்தார்கள்.