குழியில்லா மேசையில் ஒரு சாதனை

பில்லியர்ட்ஸ் என்றதும் குழிகள் உள்ள மேசையே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், ஜப்பானில் புகழ்பெற்றிருந்த ஒருவகை பில்லியர்ட்ஸ் மேசையில் குழிகளே இல்லை. மூன்று பந்துகள் மட்டும் இருக்கும். ஆட்டக்காரர் கோலால் தம் பந்தை அடித்து, அதை மற்ற இரண்டு பந்துகளின் மீதும் படச்செய்தால் ஒரு புள்ளி. இதிலேயே கடினமானது ‘மூன்று தடுப்பு’ ஆட்டம். அதில் இரண்டாவது பந்தைத் தொடுவதற்குள் ஆட்டக்காரரின் பந்து மேசையின் ஓரத் தடுப்புகளில் மூன்று முறையாவது மோதியிருக்க வேண்டும்.

இந்த ஆட்டத்தில் ஆடவர்க்கு நிகராக நின்றவர் மசாக்கோ கட்சுரா. 1913ஆம் ஆண்டு தோக்கியோவில் பிறந்த இவர், 12 வயதில் தந்தையை இழந்தார். அக்காவின் கணவர் பில்லியர்ட்ஸ் கூடம் ஒன்றை நடத்திவந்தார். எப்போதும் சோர்ந்திருந்த மகள் விளையாடினால் உடல் தேறுவாள் என்று தாயார் எண்ணினார். மருந்தாகத் தொடங்கிய விளையாட்டே பின்னர் வாழ்க்கையாயிற்று. 14 வயதில் அக்கூடத்தில் பணிப்பெண்ணாகச் சேர்ந்த கட்சுரா, 15 வயதில் ஜப்பானின் மகளிர் போட்டியில் வென்றார்.

பின்னர், தேசிய வெற்றியாளரான கின்ரே மட்சுயாமா இவருக்குப் பயிற்சியளித்தார். ஜப்பானின் மூன்று தடுப்புப் போட்டியில் கட்சுரா மும்முறை இரண்டாம் இடம் பெற்றார். ஒருமுறை, எளிய வகை ஆட்டத்தில் ஓரடியும் தவறாமல் 10,000 புள்ளிகள் எடுத்தார். அதற்கு ஏறத்தாழ நான்கரை மணி நேரம் பிடித்தது. பார்த்துக்கொண்டிருப்பதற்கே பொறுமை வேண்டும்!

1950இல் அமெரிக்கப் படைவீரர் ஒருவரை மணந்த கட்சுரா, மறு ஆண்டு அமெரிக்காவிற்குச் சென்றார். இவரது திறமையைக் கேள்விப்பட்ட முன்னாள் உலக வெற்றியாளர் வெல்கர் காக்ரன், 1952இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலக மூன்று தடுப்புப் போட்டியில் ஆட அழைத்தார். அதற்குமுன் எந்தப் பெண்ணும் பில்லியர்ட்ஸ் உலகப் பட்டத்திற்காகப் போட்டியிட்டதில்லை. ஐந்தடி உயரமே இருந்த கட்சுராவைக் காணக் கூட்டம் திரண்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் விரைவிலேயே ஆட்டத்தைக் கவனிக்கத் தொடங்கினர். அப்போட்டியில் அவருடைய ஆசிரியர் மட்சுயாமாவும் ஆடினார். 64 வயது வில்லி ஹாப்பி பட்டம் வென்றார். பத்துப் பேரில் கட்சுராவுக்கு ஏழாம் இடம். கேட்பதற்கு இது சிறிய இடம்தான். ஆனால், அவருக்குப் பின்னால் நின்ற மூவரும் ஆட்டத்தில் கைதேர்ந்த ஆடவர்கள் என்பதை மறக்கலாகாது. அடுத்த ஈராண்டுகளிலும் உலகப் போட்டியில் ஆடிய அவர் ஐந்தாம் இடத்திற்கும் பின்னர் நான்காம் இடத்திற்கும் முன்னேறினார்.

1961இல் உலக வெற்றியாளர் ஹெரால்ட் வர்ஸ்ட்டிடம் பட்டப் போட்டியில் தோற்றபின், கட்சுரா மெல்ல மெல்ல மேடையிலிருந்து விலகினார். 1967இல் கணவரும் மறைந்தார். 1976இல் ஒருநாள், சான் பிரான்சிஸ்கோவின் பில்லியர்ட்ஸ் கூடம் ஒன்றிற்கு அறிவிப்பின்றி வந்தார். அங்கிருந்த கோல் ஒன்றை எடுத்து, ஒருமுறைகூடத் தவறாமல் 100 புள்ளிகள் எடுத்தார். பிறகு புன்னகையுடன் வெளியேறினார். முதுமையில் ஜப்பானுக்கே திரும்பிய அவர், 1995இல் காலமானார்.