பசிக்கு முந்தைய பால்

மாடு கன்று ஈன்ற வீட்டிலிருந்து ஒரு சொம்பு சீம்பால் வந்தால் அதை யாரும் காய்ச்ச மாட்டார்கள். அடுப்பில் ஏற்றினால் திரிந்துபோகும். வெல்லமும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, இட்லிப் பானையில் ஆவியில் வேகவைப்பதுதான் வழக்கம். முட்டையும் மாவும் இல்லாமலே துண்டு போடுகிற பதத்துக்கு இறுகிவிடும். புதுச்சேரியில் கருவடிக்குப்பம், லாஸ்பேட்டைப் பக்கம் பாண்லே பாக்கெட் பாலில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். பாக்கெட்டில் அது வரவும் வராது. உணவுப் பாதுகாப்பு விதிகள் 'பால்' என்று சொல்வதில் சீம்பால் சேர்த்தியில்லை.

இறுகக் காரணம் புரதம். சாதாரணப் பசும்பாலில் அது 3 சதவீதத்துக்குச் சற்று மேலே. முதல் கறவைச் சீம்பாலில் 14 சதவீதம் வரை போகும். அதில் கணிசமான பங்கு நோய் எதிர்ப்புப் புரதம். மனிதக் குழந்தை அதைத் தாயின் நஞ்சுக்கொடி வழியாக வயிற்றிலேயே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. பசுவின் நஞ்சுக்கொடி அதை விடாது. கன்று ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கிறது. அதன் குடல் முதல் சில மணி நேரம் அந்தப் பெரிய புரதங்களை அப்படியே இரத்தத்துக்குள் விடும். ஒரு நாளில் அந்த வழி அடைபட்டுவிடும்.

'நஞ்சு விழட்டும், அப்புறம் ஊட்டலாம்' என்று காத்திருக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. உண்மையில் கணக்கு தலைகீழ். கன்று மடியை முட்டும்போது தாயின் உடலில் சுரக்கும் ஆக்ஸிடாசின்தான் பாலை இறக்குகிறது. அதுவே கருப்பையையும் சுருங்கவைக்கிறது. ஊட்டினால் நஞ்சு விழவும் உதவும்.

பால் எப்படித் தோன்றியது என்ற கேள்விக்கும் சீம்பாலிடம் பதில் இருக்கிறது. 1871-இல் உயிரியலாளர் செயின்ட் ஜார்ஜ் மைவார்ட் டார்வினை மடக்கப் பார்த்தார்: தோலில் கசிந்த சத்தற்ற ஒரு சொட்டைத் தற்செயலாக நக்கியா ஒரு குட்டி உயிர் பிழைத்தது? அடுத்த ஆண்டு வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் ஆறாம் பதிப்பில், கடற்குதிரைப் பையின் சுரப்பையெல்லாம் எடுத்துக்காட்டி டார்வின் பதில் சொன்னார். ஆனால் அந்தச் சொட்டு பசிக்கானது என்று இருவருமே வைத்துக்கொண்டதில்தான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்மித்சோனியன் ஆய்வாளர் ஓலவ் ஆஃப்டெடல் 2002-இல் முன்வைத்த விளக்கம் வேறு. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நம் மூதாதை விலங்குகளின் முட்டை ஓடு தோல்போல் மெல்லியது, எளிதில் காய்ந்துவிடும். தாயின் தோல் சுரப்பிகள் கசியவிட்ட ஈரம் அதைக் காத்தது. அந்த ஈரத்தில் கிருமி கொல்லும் பொருள்களும் இருந்திருக்கலாம். சீம்பாலைப் போலவே, முதலில் காவல், பிறகுதான் உணவு.

இதற்கு மரபணுவிலேயே ஒரு தடயம் உண்டு. நம் கண்ணீரிலும் எச்சிலிலும் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. பாக்டீரியாவின் சுவரை உடைப்பது அதன் வேலை. 1922-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்தது. அதன் மரபணு என்றோ இரட்டித்து, ஒரு பிரதி வேலை மாறி ஆல்ஃபா-லாக்டால்புமின் ஆனது. பாலுக்கு இனிப்புத் தரும் லாக்டோஸ் உருவாக இந்தப் புரதம் வேண்டும். கிருமியோடு மல்லுக்கட்டிய குடும்பத்தின் வாரிசுதான் காப்பியில் நாம் ருசிக்கும் அந்த இனிப்புக்கு வழிசெய்கிறது.

பாலில் சத்து கூடியதும் மஞ்சள் கருவுக்கு வேலை குறைந்தது. மஞ்சள் கருவுக்கான புரதத்தைச் செய்யும் மரபணுக்களின் சிதைந்த மிச்சங்கள் இன்றும் மனித மரபணுத் தொகுதியில் கிடக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸிடம் அவற்றில் ஒன்று இன்னும் வேலை செய்வதாக 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. அது முட்டையும் இடும், பாலும் கொடுக்கும். காம்பு கிடையாது; வயிற்று ரோமத்தில் கசியும் பாலைக் குட்டி உறிஞ்சிக்கொள்ளும். முட்டை மிகச் சிறியது. அதிலிருக்கும் மஞ்சள் கரு எந்த மூலைக்கு? வெளியே வரும் குட்டி மூன்று நான்கு மாதம் தாய்ப்பாலில்தான் வளர்கிறது.