தந்தையார் சென்ற கடல்வழி

கப்பல் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டாரின் நெஞ்சு சற்று நிமிரத்தான் செய்யும். 1906-ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், 1919 ஏப்ரல் 5-ஆம் தேதி ஸிந்தியா கம்பெனியின் 'லாயல்ட்டி' கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டதும் நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் வரலாறுகள். ஆனால் கப்பல்களின் அடித்தட்டில் வெப்பத்திலும் எண்ணெய்ப் புகையிலும் உழைத்த மாலுமிகளின் கதையை யார் அறிவார்? பல வீடுகளில் அவர்கள் பெற்ற பிள்ளைகளே அறியார்கள்.

நமது தந்தையார் அத்தகையோரில் ஒருவர். 1960-களிலும் 70-களிலும் சரக்குக் கப்பல்களில் எஞ்ஜின் அறைப் பணியாளராக இருந்தவர். ஊரோடு வந்து தங்கிய பிறகு கடலைப் பற்றி அவர் வாய் திறந்ததே கிடையாது. உறவினர் மட்டும் ஒரு விஷயத்தை ஓயாமல் சொல்லி வந்தார்கள். 1968 பிப்ரவரியில் பாட்டியார் காலமானபோது, ஒரே மகனான அவர் கொள்ளி வைக்க வரவில்லை. சம்பளத்தின் மேலிருந்த ஆசை தாயின் மேல் இல்லை என்பது அவர்கள் கூறிய தீர்ப்பு. தந்தையார் அதை மறுத்துப் பேசியதில்லை. அவர் மறைந்த பின், அந்தத் தீர்ப்பு நியாயந்தானா என்று பார்க்கும் எண்ணம் நமக்கு உண்டாயிற்று.

அதற்கு உதவியது, மாலுமிகள் 'சி. டி. ஸி.' என்று அழைக்கும் சிறு புத்தகம். கப்பலில் வேலைக்கு அமர்ந்த நாளும் துறைமுகமும், விலகிய நாளும் துறைமுகமும், கப்பலின் பெயர், பதவி, பிரயாணத்தின் தன்மை ஆகியவை அதில் வரிசையாகப் பதிவாகும். திறமைக்கு ஒன்றும் நடத்தைக்கு ஒன்றுமாக இரண்டு கட்டங்கள் உண்டு. காப்டன் மனம் நிறைந்தால் 'வெரி குட்' என்று முத்திரை இடுவார். 'அபிப்பிராயம் கூற விரும்பவில்லை' என்று எழுதிவிட்டாலோ, அந்த மனிதருக்கு அடுத்த கப்பல் கிடைப்பது குதிரைக் கொம்புதான்!

ஆராய்ச்சி செய்வோர் கப்பலின் பெயரைவிட அதன் பதிவு எண்ணையே பற்றிக்கொள்ள வேண்டும். பெயர் மாறும். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம்மவரை ஏற்றிச் சென்ற 'ராஜுலா' 1926-இல் கட்டப்பட்டது. 1973-இல் இந்தியக் கப்பல் கார்ப்பொரேஷனுக்கு விற்கப்பட்டதும் 'ரங்காத்' ஆயிற்று. பெயரை மட்டும் பார்ப்பவர் இரண்டு கப்பல்கள் என்றே எண்ணுவார்.

தந்தையாரின் புத்தகத்தில் ஒரு வரி: 1967 நவம்பரில் பம்பாயில் ஏறியிருக்கிறார், 1968 ஜூலையில் அங்கேயே இறங்கியிருக்கிறார், வெளிநாட்டு வாணிபம். இடையில் அந்தக் கப்பல் எங்கே இருந்தது? உலகத் துறைமுகங்களில் கப்பல்கள் வந்ததையும் போனதையும் அச்சிட்டு வந்த 'லாயிட்ஸ் லிஸ்ட்' பத்திரிகை லண்டன் கில்ட்ஹால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அங்கே எழுதிக் கேட்டுப் பிரதி பெற்றோம். பாட்டியார் இறந்த தினத்தில் அந்தக் கப்பல் டர்பனை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. இங்கிலாந்து நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஆப்பிரிக்காவைச் சுற்றி ஏன் போக வேண்டும்? 1967 ஜூன் யுத்தத்தில் மூடப்பட்ட சூயெஸ் கால்வாய், 1975 ஜூன் மாதம்வரை திறக்கவில்லை. பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கால்வாய் வழியே சுமார் 6,200 கடல் மைல். நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் சுமார் 10,700. மணிக்கு 14 கடல் மைல் ஓடும் சரக்குக் கப்பலுக்கு, போகும்போது மட்டும் ஏறக்குறைய 13 நாள் அதிகம். தாயின் மரணச் செய்தி கிடைத்திருந்தாலும் நடுக்கடலில் அவர் எங்கே இறங்குவது? அந்தப் பிரயாணத்தின் இரு கட்டங்களிலும் 'வெரி குட்' முத்திரைதான் இருக்கிறது.

இந்தக் கணக்கை நமது அத்தையிடம் காட்டினோம். அந்தக் குறையை அதிகமாகச் சொன்னவர் அவர்தாம். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?" என்றார். அதற்கு விடை எந்த ஏட்டிலும் இல்லை.

பாட்டனார் காலத்தைத் தேடுவோருக்கு வழி இன்னும் கடினம். 1930-களின் இறுதியில் பிரிட்டிஷ் வர்த்தகக் கப்பல் மாலுமிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். 1863 முதல் 1938 வரையுள்ள பிரிட்டிஷ் கப்பல்களின் மாலுமிப் பட்டியல்களில் பெரும்பகுதி, சுமார் 70 சதவிகிதம், கனடாவில் நியூபவுண்ட்லாந்து மெமோரியல் சர்வகலாசாலையில் இருக்கிறது. அங்கும் திறவுகோல் பதிவு எண்தான். நம்மவர் பெரும்பாலும் இந்தியத் துறைமுகங்களில் தனி ஒப்பந்தத்தில் ஏறியவர்களாதலால், அந்தப் பட்டியல்களில் அவர்கள் பெயர் அகப்படாமலும் போகலாம்.

ஆகையால், வீட்டில் மாலுமியின் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் அதைப் பழைய இரும்புக்காரருக்குப் போடுமுன் திறந்து பாருங்கள். கடிதங்களின் தபால் முத்திரைகளையும், புகைப்படங்களின் பின்புறத்தையும் கவனியுங்கள். சிறு புத்தகம் கிடைத்தால் அதிலுள்ள எண்களை முதலில் ஒரு தாளில் பெயர்த்தெழுதுங்கள். சென்னை, மும்பை, கல்கத்தா ஷிப்பிங் மாஸ்டர் காரியாலயங்களில் கேட்டாலும், அவர்கள் முதலில் கேட்கப் போவது அந்த எண்ணைத்தான்.