தீயும் வதந்தியும்

"நானா, மின்சார ஸ்கூட்டர் விற்கலாமா? தீப்பற்றுமாமே!" ஐந்துசந்தியில் வர்த்தக நண்பர் ஒருவர் கையடக்கத் தொலைபேசியை நீட்டினார்.

2023 ஒக்டோபரில் இங்கிலாந்தின் லூட்டன் விமான நிலையத் தரிப்பிடம் எரிந்து 1,400க்கு மேற்பட்ட வாகனங்கள் நாசமாகின. மின்சாரக் காரே காரணம் என வதந்தி பரவியது. தீ தொடங்கியது டீசல் வாகனத்தில் என்றது தீயணைப்புப் படை.

அதற்காக ஆபத்தே இல்லை என்பதும் பொய். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்ட மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி மரணித்தனர். பின்னர் இந்தியா பெற்றரி விதிகளை இறுக்கியது.

நண்பருக்குச் சொன்னேன்: "விற்கலாம். உரிய சார்ஜரைக் கொடுங்கள். சரக்கறையிலும் வெளியேறும் வழியிலும் சார்ஜ் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அடிபட்ட பெற்றரியைத் திரும்ப விற்காதீர்கள்."

விசாரியாமல் செய்தி பரப்புவதும் குறையை மறைத்து விற்பதும் ஒரே பாவத்தின் இரு முகங்கள். வியாபாரம் அமானிதம், சகோதரர்களே!